‘ஆர்டர்’ வந்தால் எந்தச் சொல்லை எடுப்பது?

கலெக்டர் ஆர்டர் போட்டார். கோர்ட்டில் ஆர்டர் வாங்கினார்கள். பெண்ணுக்கு வேலை ஆர்டர் வந்தது. நாலாவது மேஜையில் ஆர்டர் எடுத்தாயிற்று. பேச்சில் இந்த நான்கும் யாரையும் குழப்புவதில்லை. கூடவே வரும் வினைச்சொல் வேலையைச் செய்துவிடுகிறது. ஆர்டர் போடுகிறவர் அதிகாரம் உள்ளவர், கொடுக்கிறவர் காசு தரப் போகிறவர், எடுக்கிறவர் ஓட்டல் சர்வரோ விற்பனைப் பிரதிநிதியோ. வாங்குகிறவர் பெரும்பாலும் வக்கீல் வைத்தவர். “வீட்டில் எல்லோருக்கும் ஆர்டர் போடுகிறான்” என்று ஒரு பையனைப் பற்றிச் சொன்னால் அவன் பிரியாணி வரவழைக்கிறான் என்று ஒருவரும் நினைக்க மாட்டார்கள்.

இதையே அச்சில் ஏற்றும்போதுதான் கை நிற்கிறது. அலுவலகச் சுற்றறிக்கையோ செய்தியோ கடைக்கான செயலியோ எதுவானாலும், அகராதியைத் திறந்தால் ஆணை, உத்தரவு, கட்டளை, ஏவல், ஒழுங்கு, வரிசை, முறை, கிரமம் என்று ஒரே மூச்சில் கொட்டுகிறது. அவற்றில் எதை எடுப்பது என்று சொல்வதில்லை. அகரவரிசையில் முதலில் வருவதை எடுத்துக்கொள்ளும் பழக்கத்தால்தான் தோசை கேட்டவருக்கு “உங்கள் ஆணை ஏற்கப்பட்டது” என்று செய்தி வருகிறது.

தேர்வுக்கு முன் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். யார் யாருக்குச் சொல்கிறார்? சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? தமிழில் இந்தச் சொற்களின் பொருளைவிட இவற்றின் உயரம்தான் அதிகம் வேறுபடுகிறது. ஆங்கிலச் சொல் மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும், பக்கவாட்டிலும் கூச்சமில்லாமல் போய்வரும். நம் சொற்கள் அப்படிப் போகா.

மேலிருந்து வருபவை

ஆணை என்பது எழுதி, எண்ணிட்டு, கையெழுத்திட்ட ஒன்று. தமிழ்நாடு அரசின் கோப்புகளில் இதற்கு அசையாத இடம் இருக்கிறது. அரசாணை (நிலை), அரசாணை (வாலாயம்) என்று வகை உண்டு. முதல் பக்கத்துச் சுருக்கம் “ஆணை வெளியிடப்படுகிறது” என்று முடியும். கீழே “ஆளுநரின் ஆணைப்படி” என்று போட்டு அரசுச் செயலாளர் கையொப்பமிடுவார். அதற்கும் கீழே “ஆணைப்படி அனுப்பப்படுகிறது” என்று பிரிவு அலுவலரின் கையெழுத்து. ஒரே தாளில் மூன்று ஆணைகள் இருந்தும் ஒன்றுகூட இடறாது. பணி நியமன ஆணை, இடமாறுதல் ஆணை, பதவி உயர்வு ஆணை எல்லாம் இதே குடும்பம். கையில் வாங்கலாம், நகல் எடுக்கலாம், கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். எதிராக உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

உத்தரவு அதைவிட நடமாட்டம் உள்ள சொல். வாயால் சொன்னாலும் உத்தரவுதான். “நீதிபதி உத்தரவிட்டார்”, “ஆட்சியர் உத்தரவிட்டார்” என்று செய்தித்தாள் ஒரு நாளைக்கு எத்தனை முறை எழுதினாலும் காதில் உறைக்காது. “ஆணையிட்டார்” என்று எழுதிப் பாருங்கள், உடனே ஒரு சிம்மாசனம் முளைத்துவிடும். எனவே காகிதத்துக்கு ஆணை, செயலுக்கு உத்தரவு என்று வைத்துக்கொண்டால் பத்தில் எட்டு இடங்களில் சரியாக வரும். ஊரடங்கு உத்தரவும் 144 தடை உத்தரவும் வழக்கில் ஊறியவை, அவற்றைத் தொடக் கூடாது. அந்த 144-ஆவது பிரிவே இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 163-ஆவது பிரிவு. ஆனாலும் மக்கள் வாயில் இன்னும் 144 தான், அது அவ்வளவு சீக்கிரம் மாறாது என்று நினைக்கிறேன்.

உத்தரவுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது, அனுமதி. விருந்து முடித்துக் கிளம்புகிற பெரியவர் “உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்” என்பார். தெய்வத்திடமும் கேட்பார்கள். காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை சுப்பிரமணிய சுவாமி கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. பக்தர் ஒருவரின் கனவில் வந்து சாமி சொன்ன பொருளை, பூப்போட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டு, அதில் வைப்பார்கள். அடுத்தவர் கனவில் வேறு பொருள் வரும் வரை அது அங்கேயே இருக்கும். அதை ‘ஆண்டவன் ஆணைப் பெட்டி’ என்று மாற்றினால் பொருள் கெடாது, ஆனால் ஏதோ தலைமைச் செயலகத்திலிருந்து வந்ததுபோல் ஆகிவிடும்.

கட்டளை இந்த மூன்றில் மிக உயரமானது, அதனாலேயே மிகக் குறைவாகப் புழங்குவது. கடவுள் இடுவார், படைத்தளபதி இடுவார், எழுத்தில் கோபத்தைக் காட்ட வேண்டிய மாமியார் இடுவார். மேலாளர் இட்டால் வேடிக்கையாக இருக்கும். இந்தச் சொல்லுக்குப் பழைய வேலைகள் நிறைய. செங்கல் அறுக்கிற அச்சுக்குக் கட்டளை என்று பெயர். பொன்னின் தரம் பார்க்கிற உரைகல் கட்டளைக் கல். நேரசையில் தொடங்கினால் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு எழுத்து என்று கறாராக எண்ணிப் பாடுவது கட்டளைக் கலித்துறை. கோயில்களில் பூசைக்கும் அன்னதானத்துக்கும் எழுதிவைத்த அறக்கொடையும் கட்டளை. திருவாரூரில் ராஜன் கட்டளை, அபிஷேகக் கட்டளை என்று இன்றைக்கும் பெயர் சொல்லி நிர்வகிக்கிறார்கள். அச்சு, அளவு, மாறாத ஏற்பாடு ஆகிய எல்லாவற்றிலும் அடியில் ஓடுவது ஒன்றுதான்: விலகக் கூடாது. கணினிக்கு நாம் தருவதைக் கட்டளை என்று பெயரிட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் அவர் கை தங்கக் கை. ஓர் எழுத்து பிசகினாலும் அது செய்யாது.

பழைய தமிழ் வேதாகமத்தில் இதே இடத்தில் கற்பனை என்ற சொல் நிற்கிறது. தேவனுடைய கற்பனைகள் என்றால் தேவன் விதித்தவை. இன்றைய வாசகர் அதைப் படித்துவிட்டுத் தேவன் கதை புனைந்ததாக எண்ணிக்கொள்ளலாம். புதிதாக மொழிபெயர்க்கிறவர்கள் இந்தச் சொல்லைப் பள்ளித் தமிழாசிரியரிடமே விட்டுவிடுவது நல்லது.

இலங்கையில் கணக்கு வேறு. நாடாளுமன்ற நடைமுறை விதிகள் அங்கே நிலையியற் கட்டளைகள். மணியார்டர் காசுக் கட்டளை. தமிழ்நாட்டில் மணியார்டர் மணியார்டராகவே இருந்தது, பணவிடை என்ற சொல் படிவத்தில் மட்டும் வாழ்ந்தது. யாழ்ப்பாணத்து வாசகருக்குக் கட்டளை நம் காதில் விழுகிற அளவுக்கு உயரத்திலிருந்து விழுவதில்லை. எனவே இரண்டு கரைக்கும் சேர்த்து எழுதுகிறவர்கள் அரசு அறிவிப்புகளில் உத்தரவை எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. இரு பக்கமும் அது ஒரே உயரத்தில் கேட்கும்.

நீதிமன்றத்தில்

உரிமையியல் வழக்குகளில் மூன்று சொற்களைக் கலக்கவே கூடாது. தீர்ப்பு என்பது நீதிபதி காரணங்களுடன் சொல்வது. தீர்ப்பாணை என்பது தரப்பினரின் உரிமையை முடிவாக நிர்ணயித்து முறைப்படி எழுதப்படுவது. தீர்ப்பாணை அல்லாத பிற முடிவுகளின் முறையான வடிவம்தான் உத்தரவு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் இரண்டாவது பிரிவு இந்த எல்லைகளைத் தெளிவாகப் போட்டிருக்கிறது. மேல்முறையீடு எங்கே, எப்படி என்பது இதைப் பொறுத்தது என்பதால் செய்தியாளருக்கும் இந்த வேறுபாடு தேவை. அதே சட்டத்தின் முதல் அட்டவணை 51 ‘ஆர்டர்’களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவை எவருக்கும் எதையும் ஏவுவதில்லை, வெறும் அத்தியாயங்கள். தமிழ்ப் பிராதுகளில் அவை “கட்டளை 7 விதி 1” என்று எழுதப்படுகின்றன. அதை “உத்தரவு 7” என்று எழுதினால் நீதிபதி ஏழாவதாகப் போட்ட உத்தரவு என்று படிக்க இடம் உண்டு. கட்டளை அன்றாடப் புழக்கத்திலிருந்து ஒதுங்கியிருப்பது இங்கே உதவியாகிறது.

சொல் மாறினால் ஆள் வெளியே வந்துவிடுவார் என்பதற்குச் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியாவின் வழக்கைவிட நல்ல சான்று கிடைக்காது. 1965-இல் பாட்னாவில் அவரை இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் சிறைவைத்தார்கள். விதியில் இருந்த சொல் பொது ஒழுங்கு. மாவட்ட மாஜிஸ்திரேட் எழுதிய உத்தரவில் இருந்தது சட்டம் ஒழுங்கு. இரண்டும் ஒன்றுதானே என்று அரசுத் தரப்பு வாதிட்டது. உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. நீதிபதி இதயத்துல்லா மூன்று வட்டங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கற்பனை செய்யச் சொன்னார். பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, எல்லாவற்றுக்கும் உள்ளே அரசின் பாதுகாப்பு. பெரிய வட்டத்தில் நடக்கிற எல்லாமே உள்வட்டத்தைத் தொடுவதில்லை. இரண்டு பேர் தெருவில் அடித்துக்கொண்டால் சட்டம் ஒழுங்குக்குக் கேடு, அதனாலேயே ஊரின் வாழ்க்கை குலைந்துவிடுவதில்லை. லோகியா விடுதலையானார்.

தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று அழைக்கப்படும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டத்தின் கீழ் ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்கும்போது இன்றும் இதே கேள்விதான் எழுகிறது: செயல் பொது ஒழுங்கைக் குலைத்ததா, சட்டம் ஒழுங்கை மட்டும் தொட்டதா? காவலில் வைக்கப்பட்டவருக்குக் காரணங்கள் அவருக்குத் தெரிந்த மொழியில் தரப்பட வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவிலிருந்து 1962-இலேயே உச்ச நீதிமன்றம் வந்தடைந்த முடிவு. மொழிபெயர்ப்பு தராததாலோ பிழையாகத் தந்ததாலோ உத்தரவே ரத்தாவதும் நடக்கிறது. ஆகவே இந்த இரண்டு தொடர்களுக்கும் மாற்றுச் சொல் தேடுகிற வேலையே வேண்டாம். பொது ஒழுங்கைப் பொது அமைதி என்று எழுதுவது செய்தியில் காதுக்கு இதமாக இருக்கும். ஆனால் அமைதி வேறு கருத்து, சட்டத்தில் அதற்கு வேறு இடம் இருக்கிறது. நடை அழகுக்காகச் சொல்லை மாற்றி எழுதும் பழக்கம் உள்ளவர்களைத் தடுப்புக் காவல் கோப்பின் பக்கம் விடக் கூடாது.

அடுக்குவதும் அடங்குவதும்

மற்ற ஒழுங்குகள் எளியவை. வரிசை என்றால் எதற்குப் பின் எது என்பது. ஒழுங்கு என்றால் இருக்க வேண்டியபடி இருப்பது. அலமாரியில் புத்தகங்கள் தூசி இல்லாமல் நிமிர்ந்து நிற்கின்றன, ஆனால் ஆறாம் தொகுதிக்குப் பக்கத்தில் இரண்டாம் தொகுதி. அங்கே ஒழுங்கு இருக்கிறது, வரிசை இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை “வரிசையாக நில்” என்பதும் “ஒழுங்காக நில்” என்பதும் வேறு வேறு, இரண்டாவதில் ஒரு பிரம்பு ஒளிந்திருக்கிறது. அலுவலகத்தில் ஒழுங்கு நடவடிக்கை என்றாலும் அதே பிரம்புதான். ஈழத்தில் ஒழுங்கு செய்தல் என்பது ஏற்பாடு செய்தல். “கூட்டத்தை ஒழுங்கு செய்தார்கள்” என்பதைத் தமிழ்நாட்டில் படிக்கிறவர் கூட்டம் கலாட்டா செய்ததாகவும் யாரோ அதை அடக்கியதாகவும் எண்ணிவிடுவார்.

முறை என்ற சொல்லை ஒருவரை அடுத்து ஒருவர் வரும் இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்: இப்போது என் முறை. கிரமம் தனியாக வாழவில்லை, வரிசைக்கிரமமாக என்ற ஒட்டில் மட்டும் பிழைத்திருக்கிறது. நிரல் ஒரு காலத்தில் வரிசைதான், இப்போது கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருப்பது நிகழ்ச்சி நிரல். கணக்குப் பாடத்தில் ஏறுவரிசையும் இறங்குவரிசையும் நன்றாகவே இருக்கின்றன. கடைச் செயலியில் மட்டும் “விலை: ஏறுவரிசை” என்று போடாமல் “விலை குறைந்தது முதலில்” என்று போடலாம். கத்தரிக்காய் வாங்குகிறவரைத் தேர்வெழுத வைக்க வேண்டியதில்லை.

‘அவுட் ஆஃப் ஆர்டர்’ என்று லிஃப்ட் வாசலில் ஒட்டுகிற தாளில் ஒழுங்கும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். “பழுது” போதும்.

பக்கவாட்டில் போவது

கடைசியாக, அன்றாடம் அதிகம் தேவைப்படுவதும் அகராதிகள் அதிகம் கைவிடுவதுமான இடம்: காசு கொடுத்து ஒன்றைக் கேட்பது. இங்கே சொல்கிறவர் மேலே இல்லை, கேட்கிறவர் கீழே இல்லை. கடைக்காரர் “சரக்கு இல்லை” என்று சொல்லிவிடலாம், யாரும் அவரைச் சிறையில் போட முடியாது. என் இரண்டு கேள்விகளுக்கும் இங்கே கிடைக்கிற பதில் ஆணை, உத்தரவு, கட்டளை மூன்றையும் ஒரேயடியாக வெளியே தள்ளிவிடுகிறது. ஒரே விலக்கு கொள்முதல் ஆணை. நிறுவனம் நிறுவனத்துக்கு எழுதி, எண்ணிட்டு, கையொப்பமிட்டு அனுப்புகிற தாள் அது. ஏற்றுக்கொண்டால் இரு தரப்பையும் கட்டும். உள்ளாட்சிகள் ஒப்பந்ததாரருக்குத் தருகிற வேலை உத்தரவும் அப்படித்தான்.

முன்பதிவு என்று சிலர் எழுதுகிறார்கள். அது இடத்துக்கானது: ரயிலில் படுக்கை, விடுதியில் அறை, மண்டபத்தில் தேதி. இட்லிக்கு முன்பதிவு செய்ய முடியாது, செய்தால் இட்லி ஆறிப்போகும். கோரிக்கை என்று எழுதினால் பின்னாலேயே ஒரு தொழிற்சங்கம் கொடி பிடித்து வரும். வேண்டுகோள் வைத்தால் கடைக்காரர் மனமிரங்கித் தருவதுபோல் இருக்கிறது.

தமிழர்கள் இதற்குச் சொல் இல்லாமல் இவ்வளவு காலம் கல்யாணம் செய்யவில்லை. பந்தலுக்குச் சொல்லியாயிற்று, மேளத்துக்குச் சொல்லியாயிற்று, சமையலுக்கு யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். பாலுக்குச் சொல்லிவைப்போம், நாட்டுக்கோழி முட்டைக்குச் சொல்லிவைப்போம். நகையைச் செய்யக் கொடுப்போம், சட்டையைத் தைக்கக் கொடுப்போம், பத்திரிகையை அச்சுக்குக் கொடுப்போம். மல்லிகையை மதுரையிலிருந்து வரவழைப்போம். வெளிநாட்டு இயந்திரத்தைத் தருவிப்போம். உறுதி வேண்டுமென்றால் அச்சாரம் கொடுப்போம். எந்தச் சொல்லிலும் மேலும் இல்லை, கீழும் இல்லை. ஆளுக்கும் பொருளுக்கும் ஏற்றபடி வினை மட்டும் மாறுகிறது: நமக்கென்று செய்து தர வேண்டியதானால் கொடு, ஒருவர் வந்து செய்ய வேண்டியதானால் சொல், தொலைவிலிருந்து வர வேண்டியதானால் வரவழை. ஆங்கிலம் இத்தனையையும் ஒரே சொல்லில் மூட்டை கட்டுகிறது என்பதற்காக நாமும் கட்ட வேண்டியதில்லை.

ஆனால் இந்த வினைகளுக்கு ஒரு குறை இருக்கிறது. இவற்றிலிருந்து பெயர்ச்சொல் வருவதில்லை. ‘உங்கள் சொல்லிவைப்பு எண்’ என்று யாராவது எழுதினால் நானே முதலில் சிரிப்பேன். எண், நிலை, தொகை, ரசீது என்று தொடுக்க ஒரு பெயர் தேவைப்படுகிற இடத்தில் ஆர்டரை அப்படியே எழுதுவதே சரி. அது பஸ், டிக்கெட் போலக் குடியேறிவிட்ட சொல். ஆக என் தேர்வு இது: பெயருக்கு ஆர்டர், வினைக்குக் கூடிய வரை தமிழ். ஆர்டர் எண், ஆர்டர் விவரம் என்று இருக்கட்டும். ஆனால் கட்டுரையிலும் கதையிலும் கடிதத்திலும் “ஐம்பது புத்தகங்களுக்குச் சொல்லியிருக்கிறோம்”, “சென்னையிலிருந்து வரவழைத்தோம்” என்று எழுதலாம். விளம்பரத்தில் “வீட்டுக்கே வரவழையுங்கள்” என்பது “ஆர்டர் செய்யுங்கள்” என்பதைவிடச் சாப்பாட்டைக் கண் முன்னால் கொண்டுவருகிறது. செயலியின் பொத்தானில் இடம் குறைவு. அங்கே ‘வாங்கு’ என்று போட முடிந்தால் அதுவே மேல். பணம் கட்டுவதற்கு முந்தைய கடைசிப் படியில் மட்டும் ‘ஆர்டர் செய்’ இருக்கலாம், வாங்குகிறவருக்கு அங்கே இனித் திரும்ப முடியாது என்று தெரிய வேண்டும்.

ரத்து செய்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். “ஆர்டரை ரத்து செய்யவா?” என்று திரை கேட்கும். கீழே ‘சரி’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பொத்தான்கள் வைக்கிறார்கள். வேண்டாம் என்று அழுத்தினால் வேண்டாதது பொருளா, ரத்தா? பொருள் வேண்டாம் என்று நினைத்தவரும் அதைத்தான் அழுத்துவார், ரத்து வேண்டாம் என்று நினைத்தவரும் அதைத்தான் அழுத்துவார். முதல் பொத்தானில் ‘ரத்து செய்’ என்றும் இரண்டாவதில் ‘ஆர்டர் இருக்கட்டும்’ என்றும் எழுதிவிட்டால் இருவருக்கும் சிக்கல் தீர்ந்துவிடும்.